செக்ரோலும் புதிய கணக்கப்பிள்ளையும்

இலக்கிய விமர்சனம் கவிதை, கதை, நாடகம் என்பவற்றோடு நின்றுவிட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாகவே நிலவுகின்றது. எழுத்து எவ்வகையினதாயினும், அது மனிதருக்கிடையிலான உறவுகளைத் தாங்கி நிற்குமாயின், அதனை ஆராய்ந்து மதிப்பிடும் கடமை விமர்சகனுக்கு உண்டு என்பதே எமது நிலைப்பாடு. சட்டத்தின் வாசகம், கூட்டு ஒப்பந்தத்தின் வாசகம், தோட்டத்துப் பதிவேட்டின் தலைப்பு வரி ஆகிய யாவும் அவ்வகையில் விமர்சனத்துக்கு உரியனவே. இவ்வரிசையில் அண்மைக் காலத்தில் ஓர் எழுத்துவகை புதிதாக வந்து சேர்ந்திருக்கின்றது. வேலை நேரத்தைப் பதியும் மென்பொருளை எவ்வாறு கையாள வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு எழுதப்படும் கையேடே அது.

இச்சொற்கள் வாசகர் சிலருக்குப் புதியனவாக இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, சாதாரண மொழியில் இடப்படும் கட்டளையை வாசித்து, கோப்புகளைத் திறந்து, பிற மென்பொருள்களை இயக்கி, ஒரு வேலையைப் படிப்படியாகத் தானே செய்து முடிக்கும் கணினி நிரலாகும். நேரப் பதிவு மென்பொருளோ அதற்கு முற்பட்டது. 2016 இல் வெளிவந்த டைம்வாரியர் என்னும் இலவசக் கருவியை எடுத்துக் கொள்வோம். வேலையைத் தொடங்கும்போது ஒரு சொல்லும் நிறுத்தும்போது ஒரு சொல்லும் தட்டச்சுச் செய்தால் போதும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் சென்றது என்பதை அது மாதத்துக்கு ஒரு கோப்பாக எழுதி வைக்கும். மறந்துபோன நேரத்தைப் பின்னர் சேர்க்கவும், எழுதியதைத் திருத்தவும், செய்ததை மீட்கவும் அதில் வழியுண்டு. இதுவரை இத்தகைய கருவிகளின் கையேடுகள் மனிதருக்கென்றே எழுதப்பட்டன. முகவர்களைப் பிற கருவிகளோடு இணைப்பதற்கான பொது நெறிமுறை ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. 2025 இல் 'ஏஜென்ட்ஸ்' என்ற பெயருடைய குறிப்புக் கோப்பை முகவர்களுக்கென்றே எழுதி வைக்கும் வழக்கமும் பரவியது. இவ்வாறு, மனிதன் எழுத இயந்திரம் வாசிக்கும் உரைநடை ஒன்று பிறந்துள்ளது.

கொழும்பிலும் பெங்களூரிலும் உள்ள கணினிக் கூடங்களின் விவகாரம் பதுளையில் இருப்போருக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஒரு மனிதனின் வேலை நேரத்தை இன்னொரு கை எழுதுவது என்றால் என்ன என்பதை ஊவாவின் தோட்டங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அனுபவித்து அறிந்தவை. இப்புதிய கையேடுகளை எடை போடுவதற்கான படிக்கற்கள் அந்த அனுபவத்திலேயே கிடைக்கின்றன என்பது எமது துணிபு.

2

கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் வெளிவந்ததும், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதும் ஒரே ஆண்டில், 1867 இல் நிகழ்ந்தவை. வேலை நாளைப் பற்றிய அந்நூலின் அதிகாரம், ஆங்கிலேயத் தொழிற்சாலை முதலாளிகள் உணவு வேளையிலும் தொடக்கத்திலும் முடிவிலும் நிமிடம் நிமிடமாகத் தொழிலாளரின் நேரத்தை அரித்தெடுத்த விதத்தைத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளைக் கொண்டே நிறுவுகின்றது. அங்கே 1844 ஆம் ஆண்டின் சட்டம் விதித்த இரண்டு நிபந்தனைகள் எமது விடயத்துக்கு மிக முக்கியமானவை. வேலை நேரம் முதலாளியின் கடிகாரப்படி அல்லாமல், அண்மையிலுள்ள புகையிரத நிலையக் கடிகாரம் போன்ற ஒரு பொதுக் கடிகாரத்தின்படி கணிக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டுத் தொழிற்சாலையிலே தொங்கவிடப்பட வேண்டும் என்பது மற்றையது. ஆகவே, நேரம் பொதுவானதாயும் எழுத்து பகிரங்கமானதாயும் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை அன்றே சட்டமாகிவிட்டது.

தோட்டத்திலே நிலைமை வேறாக இருந்தது. விடியலில் தப்பொலியும் கொம்பொலியும் எழுப்ப, லயங்களிலிருந்து புறப்பட்டுப் பிரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குக் கடிகாரம் துரையின் சட்டைப்பையில் இருந்தது. அசாமின் தேயிலைத் தோட்டங்களிலோ, இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியதாகிய 'பாகான் நேரம்' என்ற தனி நேரமே வழங்கி வந்தது. சூரிய ஒளியை முழுதும் பயன்படுத்துவதற்காகவே என்று அதற்குக் காரணம் கூறுவர். காரணம் எதுவாயினும், ஊருக்கு ஒரு நேரமும் தோட்டத்துக்கு ஒரு நேரமும் இருக்கலாம் என்ற நியாயம் முதலாளித்துவத்துக்கு இயல்பாகவே வந்தது.

பிரட்டிலே போடப்படும் பேர் செக்ரோலுக்குச் செல்லும். அது முழுப் பேராக நிற்குமா, அரைப் பேராகக் குறையுமா என்பதை மாலையிலே கொழுந்து மடுவத்தின் தராசு தீர்மானிக்கும். நிறுத்த கொழுந்திலிருந்து சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழிவு போகும். கழித்த அளவு சரியா என்று கேட்கும் தொழிலாளிக்கு முன்னால் இருப்பது கணக்கப்பிள்ளையின் கையிலுள்ள ஏடு; அதன் மொழியோ ஆங்கிலம். பெண் கொழுந்தெடுத்தாள், கணக்கப்பிள்ளை எழுதினான், கிளாக்கர் கூட்டினான், துரை ஒப்பமிட்டான். நான்கு படிகளைக் கொண்ட இக்கணக்கில், எவளுடைய நாள் அங்கே எழுதப்பட்டதோ அவளுக்கு வாசிக்கும் உரிமை எந்தப் படியிலும் இருக்கவில்லை.

சட்டங்கள் வராமலில்லை. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உணவு வேளை உட்பட ஒன்பது மணி நேரத்தை வேலை நாளாக வரையறுத்தது. 1941 ஆம் ஆண்டின் கூலிச் சபைகள் சட்டம் கூலிப் பதிவேடுகளை வைத்திருக்கும் பொறுப்பைத் தொழில் கொள்வோர் மீது சுமத்தியது. ஆயினும், ஒன்பது மணி நேரம் என்று சட்டம் எழுதினாலும், எந்தக் கணத்திலிருந்து எண்ணுவது என்ற கேள்வி எஞ்சியது. லயத்திலிருந்து மலைக்கு ஏறும் நேரமும், நிறுவைக்காக மடுவத்திலே காத்து நிற்கும் நேரமும் எந்தக் கட்டத்தில் எழுதப்படும்? எம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி வகுப்பிலே இதே கேள்வியை எழுப்பினாள். "அம்மா மலைக்கு நடக்கிற நேரத்தை எதிலே எழுதுவது, சேர்?" என்றாள். அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அக்கேள்வியே.

பதிவேட்டின் அதிகாரம் கூலியோடு முடிந்துவிடவுமில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. தம் வாழ்நாளைத் தம் கையால் எழுதி வைத்திராத மக்களிடம், பிறர் எழுதி வைத்த காகிதத்தைக் கொண்டுவா என்று அரசு கேட்டதன் விளைவு இது. எழுதப்படாத நேரம் வாழப்படாத நேரமாகவே கொள்ளப்பட்டது.

3

ஏடு மறைத்ததை இலக்கியம் எழுதி வைத்தது. மலையகத்து நாட்டார் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அரைப் பேரும் திரும்பத் திரும்ப வருவதைச் சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பைப் படித்தோர் அறிவர். அப்பாடல்களை மனக்குறையின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வது போதாது. செக்ரோலுக்கு எதிராக மக்கள் மனப்பாடமாக வைத்திருந்த மறுகணக்கு அவை.

இப்பொருளை எழுத்திலக்கியத்தில் மிகக் கூர்மையாகக் கையாண்ட படைப்பு என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்பது எமது கருத்து. 1980 இல் நூலாக வெளிவந்த தொகுதிக்கும் அக்கதையின் பெயரே சூட்டப்பட்டது. கதையின் முடிச்சு எளியது. இளம்பெண் ஒருத்தி ஒரு நாள் வழக்கத்தை விஞ்சிக் கொழுந்தெடுக்கின்றாள். அவளுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இடையே உள்ள அன்பை அறிந்த மற்றவர்கள், ஏட்டில் ஏறிய நிறையை நம்ப மறுக்கின்றனர். அவளுடைய உழைப்பின் மீதும் ஒழுக்கத்தின் மீதும் ஒரே வேளையில் பழி விழுகின்றது. அவள் தன் கைகளின் வேலையாலேயே உண்மையை மெய்ப்பிக்க வேண்டியவளாகின்றாள்.

இக்கதையைக் காதற் கதையாகவும் மண்வாசனைக் கதையாகவும் பலர் பாராட்டியுள்ளனர். அப்பாராட்டு தவறன்று, எனினும் கதையின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. ஏடு பொய் சொல்லும் என்பதைத் தொழிலாளர் யாவரும் முன்னரே அறிந்திருக்கின்றனர். குறைத்து எழுதிய கை கூட்டியும் எழுதும் என்பது அவர்களின் அனுபவ நியாயம். எனவே ஏடு மெய் சொன்ன ஒரு நாளிலும் அவர்களால் அதனை நம்ப முடியவில்லை. பகிரங்கமாகச் சரிபார்க்க இயலாத பதிவேடு, கூலியைத் திருடுவதோடு நில்லாமல், தொழிலாளர் ஒருவரையொருவர் நம்பும் நம்பிக்கையையும் அழிக்கின்றது. இராமையா இதனைப் பிரசங்கமாகச் சொல்லாமல், ஒரு கூடையின் நிறைக்குள் வைத்துக் காட்டினார்.

பதுளைக்கு அண்மையிலுள்ள தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் தமது நாவலுக்குக் 'காலங்கள் சாவதில்லை' என்று பெயரிட்டார். 1974 இல் வெளிவந்த அந்நாவலின் தலைப்பை இப்போது நினைவுகூர்வது பொருத்தமே. ஏட்டிலே வெட்டப்பட்ட காலம் மக்களின் நினைவிலே சாவதில்லை.

4

இந்த அனுபவத்தோடு புதிய கையேடுகளுக்கு வருவோம். முகவருக்கென எழுதப்படும் நேரப் பதிவுக் கையேடு பொதுவாகச் சுருக்கமாக இருக்கும். எந்தக் கட்டளை வேலையைத் தொடங்கும், எது நிறுத்தும், எது தொகுத்துக் காட்டும், எவ்வடிவில் விடை வரும், பிழை நேர்ந்தால் எதனைச் செய்வது என்பன வரிசையாக இடம்பெறும். தெளிவு, சிக்கனம், இருபொருள் படாமை ஆகிய உரைநடைக் குணங்கள் இதற்கும் வேண்டும். ஆனால் இவை நிரம்பியிருப்பதால் மட்டும் ஒரு கையேடு நல்லதாகிவிடாது. கணக்கப்பிள்ளைகளின் கையெழுத்து அழகாகவே இருந்தது.

முதலாவது, கடிகாரம் பற்றியது. முகவரின் உள்ளேயுள்ள மொழி மாதிரிக்குத் தன்னளவில் நேரம் தெரியாது. கணினியின் கடிகாரத்தைப் பார்த்தாலன்றி இப்போது மணி என்ன என்று அதனால் கூறவியலாது. கூறும்படி வற்புறுத்தினால் ஊகித்து எழுதும்; ஊகம் உண்மை போன்ற உறுதியான தொனியிலேயே வரும். ஆகவே, 'கடிகாரத்தைப் பார்த்தே எழுதுக. மதிப்பீட்டை நேரமாக எழுதாதே. தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டு, தெரியவில்லை என்று குறிப்பிடுக' என்ற வாசகம் இல்லாத கையேடு குறையுடையதே. எந்த ஊரின் நேரம் என்பதும் சொல்லப்பட வேண்டும். இலங்கையின் கடிகாரம் 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்தள்ளப்பட்டது. 2006 ஏப்ரலில் பழைய நிலைக்குத் திரும்பியது. இதனை அறியாத எழுத்தன் அக்காலப் பதிவுகளைக் கூட்டினால் பிழையான நாளே கிடைக்கும்.

இரண்டாவது, திருத்தம் பற்றியது. பழைய ஏட்டிலே வெட்டி எழுதினால் மை தெரிந்தது. கணினியிலே திருத்தினால் தடயம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிறருடைய பதிவைத் தானாக மாற்றலாகாது, உரியவரிடம் கேட்டே மாற்ற வேண்டும், மாற்றிய பின்னும் பழைய எண், புதிய எண், காரணம் ஆகிய மூன்றும் நிலைக்க வேண்டும் என்று கையேடு கட்டளையிட வேண்டும்.

மூன்றாவது, எவருடைய நேரம் என்பது. மனிதன் இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் வேலையை முகவர் இரண்டு நிமிடத்தில் முடித்தால் ஏட்டில் எதனை எழுதுவது? இயந்திரத்தின் நிமிடத்தை மனிதனின் பெயரில் எழுதினால், நாளை அந்த இரண்டு நிமிடமே அவனுக்கு அளவுகோலாகும். மனிதனின் இரண்டு மணி நேரத்தை இயந்திரத்தின் பெயரில் எழுதினால், செய்யாத உழைப்புக்குப் பணம் கேட்டதாகும். முகவர் செய்ததை மனிதன் சரிபார்த்துத் திருத்தும் நேரமும் உண்டு. அது பெரும்பாலும் எவருடைய கட்டத்திலும் ஏறுவதில்லை. மலைக்கு நடக்கும் நேரத்தைப் போன்றதே அதுவும். மனித நேரத்துக்கும் இயந்திர நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் வகுக்காத கையேடு, தன்னை அறியாமலே அரைப் பேர் போடுகின்றது.

நான்காவது, வாசிக்கும் உரிமை பற்றியது. இணையத்தின் ஊடாக மணிக்கூலிக்கு வேலை வாங்கித்தரும் அப்வொர்க் நிறுவனத்தின் நேரப் பதிவுக் கருவி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொழிலாளியின் கணினித் திரையைப் படம்பிடிக்கின்றது. விரும்பாத படத்தைத் தொழிலாளி அழிக்கலாம்; ஆனால் அழித்த பத்து நிமிடத்துக்குரிய கூலியும் அதனோடு போய்விடும். இங்கே பதிவைத் தொழிலாளி பார்க்க முடிகின்றது என்பது செக்ரோலை விட ஒரு படி முன்னேற்றமே. ஆயினும் கூலியை இழந்தே மறுக்கலாம் என்ற உரிமை முழு உரிமையாகாது. முகவர் எழுதும் ஏடு, எவருடைய நேரத்தை எழுதுகின்றதோ அவருக்கு, அவருடைய மொழியிலே, அவர் கேட்ட உடனே காட்டப்பட வேண்டும். இதனைக் கையேட்டின் முதல் வரியாக எழுதுவதில் யாதொரு தொழில்நுட்பத் தடையும் இல்லை.

5

இயந்திரத்துக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை, கங்காணியின் கோபமும் கணக்கப்பிள்ளையின் காதலும் இல்லை, எனவே அதன் கணக்கு நடுநிலையானது என்று வாதிடுவோர் உளர். வாதம் கவர்ச்சியானது. தராசுக்கும் விருப்பு வெறுப்பு இருந்ததில்லை. ஆனால் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்ற விதியைத் தராசு வகுக்கவில்லை. முகவர் தன் கையேட்டுக்குக் கட்டுப்படும். கையேடு அதனை எழுதுவித்தவரின் நலனுக்குக் கட்டுப்படும். முன்னர் ஒரு கணக்கப்பிள்ளை நெஞ்சில் ஈரம் வந்து அரைப் பேரை முழுப் பேராக்கியிருக்கக் கூடும். விதியை மட்டுமே அறிந்த எழுத்தனிடம் அதற்கும் இடமில்லை. ஆதலால் விதியின் வாசகமே நமது போராட்டக் களமாகின்றது.

இதனால் நேரப் பதிவையே நாம் எதிர்ப்பதாக எவரும் கொள்ளலாகாது. சரியான பதிவேடு தொழிலாளியின் கையிலே ஓர் ஆயுதம். எட்டு மணி நேர வேலைக்கான உலகத் தொழிலாளரின் போராட்டம் மணிகளை எண்ணியே நடந்தது. 2016 ஒக்டோபரில் தோட்டங்களில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தை நினைவுகூர்வோம். அடிப்படைக் கூலி 500 ரூபா, வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்காக 30, மொத்தம் 730 ரூபா. வருகைக்குரிய 60 ரூபாவைப் பெற, வேலை வழங்கப்பட்ட நாள்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாள்கள் சமுகமளித்திருக்க வேண்டும். இத்தகைய நிபந்தனையின் கீழ் ஏட்டிலே தவறவிடப்பட்ட ஒரே ஒரு பேர், மாதம் முழுவதற்குமான கொடுப்பனவைப் பறித்துவிடக்கூடும். அந்நிலையில் தொழிலாளிக்குத் தேவைப்படுவது தன்னிடமும் ஒரு படி உள்ள ஏடு. கையடக்கத் தொலைபேசி லயந்தோறும் உள்ள இக்காலத்தில், தாம் எடுத்த கொழுந்தையும் நின்ற நேரத்தையும் தொழிலாளர் தமிழிலே சொல்ல, அதனைப் பதிந்து மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுக் காட்டும் முகவர் ஒன்றைத் தொழிற்சங்கம் அமைப்பது கற்பனைக்கு எட்டாததன்று. அதற்கும் ஒரு கையேடு வேண்டும். அதனை எழுதுவோர் யார் என்பதே கேள்வி.

தமிழ் கற்பிக்கும் நம்மவர்களுக்கு இங்கே வேலையுண்டு. கட்டுரைப் பயிற்சி என்ற பெயரால் மழைக்கால வருணனையையே ஆண்டுதோறும் எழுதுவிக்கின்றோம். அதனோடு, 'உன் வீட்டில் ஒருவருடைய ஒரு நாள் வேலையைப் பதிவு செய்யப்போகும் எழுத்தனுக்கு விதிகள் வகுத்து எழுதுக' என்றும் ஒரு பயிற்சி தரலாம். எம் வகுப்பிலே அதனைத் தந்து பார்த்தோம். கேள்வி கேட்ட அம்மாணவி தன் விதிகளின் முதலாவதாக, லயத்து வாசற்படியைத் தாண்டிய கணத்திலிருந்து எண்ண வேண்டும் என்று எழுதியிருந்தாள். இரண்டாவது விதியாக, எழுதியதை மாலையிலே அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும், அம்மா பிழை என்று சொன்னால் அதனையும் பக்கத்திலே எழுத வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். நாம் இதுவரை படித்த கையேடுகளில் இவ்விரண்டு விதிகளும் ஒருங்கே இருக்கக் கண்டதில்லை.